எங்கள் வீட்டுச் சர்வரின் எஜமானர்களுக்கு

மகா ராஜ ராஜ ஸ்ரீ மென்பொருள் நிறுவனத்துப் பெரியோர்கள் சமூகத்திற்கு,

தங்கள் மென்பொருளை ஏழாண்டுக் காலமாகத் தன் வீட்டில் வைத்துப் போஷித்துவரும் சந்தாதாரன் ஒருவன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் நானும் என் மனைவியும் தங்கள் விளம்பரங்களும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமில்லாதபடி, தொலைக்காட்சியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தாங்களே அதைத் தெரிவித்துவிடுகிறீர்கள். தங்கள் திருநாமத்தை இக்கடிதத்தில் எங்கும் எழுதாமல் விட்டிருப்பதை மரியாதைக் குறைவாகக் கருத வேண்டாம்; எழுதினால் அதுவும் தங்களுக்கு ஓர் இலவச விளம்பரமாக முடிந்துவிடுமே என்ற பயம்தான் காரணம்.

வழக்கின் பொருள் எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரிக்கும் தையல் இயந்திரத்திற்கும் நடுவே, என் மகள் வேலைக்குப் போன புதிதில் வாங்கி, கல்யாணமாகிப் போகும்போது விட்டுச் சென்ற கணினி ஒன்று இருக்கிறது. அதன் வயிற்றில் நான்கு டெராபைட் வட்டுகள் இரண்டைப் பொருத்தி, ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும்படி ஒரே சரக்கை இரண்டிலும் பிரதி செய்து வைத்திருக்கிறேன். என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து டெக் கொண்டுவந்த நாள் முதல் எங்கள் குடும்பத்தில் சேர்ந்த வீடியோ நாடாக்கள் யாவும் அதில் இருக்கின்றன. சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சை பூத்துக் கிடந்த அந்த நாடாக்களைத் துடைத்துத் துப்புரவு செய்து, மூன்று மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற மூன்று மணி நேரமும் ஓடவிட்டே ஆகவேண்டும் என்ற நியதிக்குக் கட்டுப்பட்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருஷம் முழுவதையும் அந்தக் காரியத்திற்கே அர்ப்பணம் செய்தேன். அவற்றோடு, 2007-ஆம் ஆண்டு வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்துப் படங்களைச் சாமானியர் கைக்கு எட்டச் செய்தபோது, சம்பள நாள் தோறும் நான் வாங்கிச் சேர்த்த தட்டுகளின் பிரதிகளும் உண்டு. வட்டு என்னுடையது, மின்சாரக் கட்டணம் என்னுடையது, உள்ளே இருக்கும் சரக்கும் என்னுடையது. அதை அடுக்கிக் காட்டும் கைத்திறன் ஒன்றே தங்களுடையது. அதற்கும் ஆயுள் சந்தா என்று ஒரே தவணையில் ஒரு கனத்த தொகையைக் கொடுத்துத் தீர்த்திருக்கிறேன்.

அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேசமாட்டேன். கோப்பின் பெயரைக் கொண்டே படத்தை இன்னதென்று கண்டு, அதற்குரிய சுவரொட்டியைத் தேடி ஒட்டி, வெளிவந்த வருஷத்தையும் நடிகர் பெயர்களையும் எழுதி, பாதியில் எழுந்து போனவன் எந்த இடத்தில் எழுந்து போனான் என்பதையும் ஞாபகம் வைத்திருந்து, கைபேசிக்கு ஒரு அளவிலும் பெரிய திரைக்கு ஒரு அளவிலும் உருமாற்றி அனுப்பும் அந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு முதல் வருஷத்தில் நான் பிரமித்துப் போனேன். சில சமயங்களில் அந்தச் சாமர்த்தியம் எல்லை கடந்து போனதும் உண்டு. என் சித்தி மகள் காஞ்சனாவின் விவாக வீடியோவை அவள் பெயராலேயே நான் வட்டில் சேர்த்தபோது, தங்கள் மென்பொருள் அதை 2011-இல் வெளிவந்த பேய்ப் படமென்று தீர்மானித்து, அதன் சுவரொட்டியை மாங்கல்யதாரணத்தின் மேல் ஒட்டி, அதற்குக் கீழே மேலும் ஆறு பேய்ப் படங்களைச் சிபாரிசும் செய்தது. காஞ்சனாவின் கணவர் அதைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷங்களுக்குப் பிறகு தம் அனுபவத்தை ஒரு யந்திரமாவது உணர்ந்துகொண்டதே என்று சொன்னார். அது தமாஷ், அதைப்பற்றி எனக்கு வருத்தமில்லை.

நிற்க. வருத்தம் பின்னால் வந்தது. ஒரு நாள் மாலை தொலைக்காட்சியைத் திறந்தபோது, நான் அடுக்கிவைத்திருந்த வரிசைகளுக்கு மேலே, நான் அடுக்காத வரிசை ஒன்று வீற்றிருந்தது. அதில் நான் வாங்காத படங்களும், கேள்விப்படாத தொடர்களும், விளம்பரத்தோடு இலவசமாக ஓடும் அலைவரிசைகளும் இருந்தன. மறு வாரம் அந்த வரிசை இரண்டாயிற்று; மறு மாதம் நான்காயிற்று; பிறகு வேறு கம்பெனிகளின் ஸ்ட்ரீமிங் சேவைகளில் இன்னது கிடைக்கும், இன்ன வாடகை என்ற அறிவிப்புகளும் குடியேறின. ஒட்டகம் கூடாரத்தில் மூக்கை நுழைத்த கதையைச் சிறுவயதில் படித்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஒட்டகம் தான் மட்டும் உள்ளே வந்து படுத்ததேயன்றி, பக்கத்து ஒட்டகங்களுக்கும் இடம் பிடித்து வைக்கவில்லை.

வேண்டாமென்றால் அகற்றிவிடலாமே என்பீர்கள். அகற்றினேன். எங்கள் குடும்பத்தில் நான்கு பேர் பெயரில் கணக்குகள் உண்டு. கூடத்துத் தொலைக்காட்சி, படுக்கையறைத் தொலைக்காட்சி, கைபேசிகள் என்று கருவிகள் ஐந்து உண்டு. ஒரு கணக்கில் அகற்றியது மறு கணக்கைப் பாதிக்காது, ஒரு கருவியில் மறைத்தது மறு கருவிக்குத் தெரியாது என்ற தங்கள் சாஸ்திர நுட்பத்தை அனுசரித்து, அமைப்புகள் என்னும் அந்தச் சக்கர வியூகத்தினுள் இருபது தடவை புகுந்து, அபிமன்யுவைப் போலன்றி உயிரோடு வெளியே வந்தேன். இருபத்தோராவது நாள் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விக்கிரமாதித்தனுக்காவது வேதாளம் ஒவ்வொரு தடவையும் புதுக்கதை சொல்லிற்று; தாங்கள் சொல்வது எப்போதும் ஒரே கதைதான்.

தங்கள் மென்பொருள் குடியிருக்கும் கணினியைப் புதிய சொல்லாக்கக்காரர்கள் சேவையகம் என்கிறார்கள். வாங்கிய கடைக்காரரும் வைத்திருக்கும் நாங்களும் அதைச் சர்வர் என்றுதான் சொல்கிறோம். தமிழ் நாட்டில் அந்தச் சொல்லுக்கு வெகு காலமாகவே வேறோர் அர்த்தம் உண்டு: ஓட்டலில் பரிமாறுகிறவர் சர்வர். அவருடைய தர்மம் மிகவும் சுருக்கமானது. கேட்டதைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால், ‘இட்லி தீர்ந்துடுச்சு சார்’ என்று சொல்ல வேண்டும். இட்லி கேட்டவனிடம் எதிர்ச்சாரி ஓட்டலின் பலகாரப் பட்டியலை விரித்துக் காட்டி, அங்கே இன்று புதிதாக என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று வர்ணித்து, கடைசியில் மேஜையின் ஓரத்தில் இட்லியை வைத்துவிட்டுப் போகிற சர்வரை எந்த முதலாளியும் ஒரு வேளைக்கு மேல் வைத்துக்கொள்ளமாட்டார். நான் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. என் மனைவிக்கு நாகேஷ் என்றால் உயிர். பாலசந்தர் எழுதி, கிருஷ்ணனும் பஞ்சுவும் இயக்கி, 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தை அவளுக்காகவே வாங்கி வைத்திருக்கிறேன். சென்ற பொங்கலன்று அதைப் பார்க்க வேண்டுமென்றாள். பெயரை இட்டேன். எந்தெந்தச் சேவையில் எதைக் காணலாம் என்ற விவரம் முதலில் வந்தது. நடிகர்கள் நடித்த பிற படங்கள் அடுத்து வந்தன. முன்னோட்டங்கள் மூன்றாவதாக வந்தன. காசு கொடுத்து வாங்கி, என் கையாலேயே வட்டில் ஏற்றிய பிரதி, கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே நிற்கிற ஏழை உறவினனைப் போல நான்காவது வரிசையின் கோடியில் ஒடுங்கி நின்றது. ஒரு சர்வரின் கதையையே ஒரு சர்வர் ஒழுங்காகக் கொண்டுவந்து வைக்கவில்லையே என்று அவள் சொன்னாள். அதற்குமேல் நான் எழுத என்ன இருக்கிறது?

இருந்தாலும் எழுதுகிறேன். தங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசித்துப் பார்க்காமலில்லை. ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தவணையில் பணம் வாங்கிவிட்ட நிறுவனம், அந்தப் பணம் செலவான பிறகும் மாதந்தோறும் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சந்தாதாரன் மேலும் கொடுக்கமாட்டான், ஆயுளும் முடியமாட்டேன் என்கிறது. ஆகவே அவன் கண்களை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாவது ஜீவனம் செய்ய வேண்டியிருக்கிறது. கஷ்டம்தான். இந்தக் கஷ்டத்தை என்னிடம் நேரே சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் கொடுத்திருப்பேன். சொல்லாமல், தங்கள் கடன்காரரை என் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்ததுதான் முறையல்ல. வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் திண்ணையைக் கடைக்காரனுக்கு விட்டார் என்று நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் திண்ணையைக் கடைக்கு விட்டதாக இப்போதுதான் பார்க்கிறோம்.

இந்த ஜாதி மென்பொருள்களின் பூர்வோத்தரத்தை எண்ணும்போது இது இன்னும் விசித்திரமாக இருக்கிறது. 2001-இல் மைக்ரோசாப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ், 64 மெகாபைட் நினைவகம் கொண்ட ஒரு விளையாட்டுப் பெட்டி. அதைப் பிரித்து, விளையாடுவதற்கு மட்டுமே என்ற நிபந்தனையை மீறி, தம் சொந்தப் படங்களையும் பாட்டுகளையும் அதில் ஓடவைத்தவர்கள் ஊதியம் வாங்காத சில உற்சாகிகள். அவர்கள் எழுதிய மென்பொருள் 2014-இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் வழங்கிவருகிறது. பெயர் கோடி, விலை சூனியம். எம்பி என்ற வேறொரு மென்பொருள் 2018-இல் தன் மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டபோது, பூட்டுவதற்கு முன் வெளியாகியிருந்த பதிப்பை எடுத்து, ஜெல்லிஃபின் என்று தனி அடுப்பு மூட்டியவர்களும் அந்த இனத்தாரே. பெட்டி அதை வாங்கியவன் சொற்படி நடக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் பிறந்த குலம் இது. அந்தக் குலத்தில் உதித்த தாங்கள், என் கூடத்திலிருந்து என் கூடத்துக்கே ஒரு படத்தை அனுப்புவதற்குக் கடல் கடந்திருக்கும் தங்கள் அலுவலகத்தில் நான் கையெழுத்திட்டு அனுமதி பெற வேண்டும் என்று விதித்திருப்பதையும், அனுமதி பெறப் போகும் வழியெல்லாம் கடை விரித்திருப்பதையும் முன்னோர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள்?

நான் விளம்பரத்தின் விரோதி அல்லன். சுவரில் ஒட்டினால் படிப்பேன். பத்திரிகையில் போட்டால் கத்தரித்தும் வைப்பேன். என் தர்க்கம் வேறு. ‘இருக்கிறது’ என்பது ஒன்று. ‘கிடைக்கிறது’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே அலமாரியில் ஒரே அளவுச் சுவரொட்டியோடு தாங்கள் அடுக்கும்போது, எது என்னுடையது, எது எனக்குக் காட்டப்படுவது என்ற பேதமே அழிந்துபோகிறது. எனக்கு அந்தத் தட்டுகளை விற்ற மோசர் பேயர் நிறுவனத்தையே கலைத்துவிடும்படி 2018-இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 34 ரூபாய்த் தட்டு மட்டும் எந்தத் தீர்ப்பாயத்திற்கும் கட்டுப்படாமல் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றவர் போனபின்னும் விற்ற பொருள் நிற்பதற்குத்தான் ‘இருக்கிறது’ என்று பெயர். கிடைப்பதன் சுபாவம் இதற்கு நேர்மாறு. கொடுப்பவர் சௌக்கியமாக இருக்கும்போதே கொடுத்தது மாறிவிடும். பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பணம் கட்டிய சந்தாதாரர்களுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கி, அது வேண்டாதவர்கள் வருஷத்துக்கு 699 ரூபாய் மேற்கொண்டு கட்டலாம் என்றது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பொத்தானில் ‘வாங்குக’ என்று எழுதுகிறவர்கள், அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே அமலில் இருக்கிறது. சொந்தம் என்ற சொல்லைக் காப்பாற்றச் சட்டசபை கூட வேண்டியிருக்கும் காலத்தில், சொந்தச் சரக்குக்காகவே ஏற்பட்ட அலமாரி ஒன்று வீட்டுக்கு வீடு இருந்தது. அதையும் தாங்கள் சந்தையாக்கிவிட்டீர்கள்.

ஆனால் ஒருவேளை தாங்கள் காட்டும் வழியே நாகரிகத்தின் வழியாகவும், என்னுடைய ஆட்சேபம் வயோதிகத்தின் முணுமுணுப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் தங்கள் கொள்கையை அரைகுறையாக விட்டுவிடலாகாது. அரிசிப் பானையைத் திறந்தால் தெருமுனை ஓட்டலில் இன்று பிரியாணி என்று ஒரு சீட்டு எழும்பி நிற்க வேண்டும். பீரோவில் என் மனைவியின் கூறைப்புடவைக்கு மேல் வாடகைப் புடவைகள் நான்கு, பார்வைக்கு எடுப்பாக, அடுக்கப்பட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் குடும்பப் புகைப்படத்தில் என் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நடுவே இரண்டங்குல இடம் வெகு நாளாக வீணாகிக்கொண்டிருக்கிறது; அதில் ஒரு தொடரின் சுவரொட்டி தாராளமாகக் கொள்ளும். சாமி அறையில் எங்கள் குலதெய்வத்தின் படத்தின் கீழ், ‘இத்தெய்வத்தை வணங்குகிறவர்கள் பின்வரும் தெய்வங்களையும் விரும்புகிறார்கள்’ என்று ஒரு வரிசை இருக்கலாம். இவற்றையெல்லாம் மறைத்துவைக்கும் வசதி, வழக்கம்போல, ஒவ்வோர் அலமாரிக்கும் ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் தனித்தனியே அளிக்கப்படும் என்று நம்புகிறேன்.

இனி, இந்த விண்ணப்பத்தை எழுதத் தூண்டிய சங்கதிக்கு வருகிறேன். 1988-இல் என் மகளைத் தொட்டிலில் இட்ட நாளன்று என் தாயார் தாலாட்டுப் பாடினாள். வீடியோக்காரர் ஒருவர் அதைப் பதிவு செய்தார். என் தாயார் இப்போது இல்லை. சென்ற மாதம் என் மகள் தன் குழந்தையோடு வந்திருந்தபோது, பாட்டியின் தாலாட்டைக் குழந்தைக்குக் காட்டு அப்பா என்றாள். ‘அம்மா’ என்று இட்டேன். அந்தப் பெயர் கொண்ட படங்களும் அந்தச் சொல்லைத் தலைப்பில் சுமந்த படங்களும், எங்கே எவ்வளவு வாடகை என்ற குறிப்புகளோடு, திரை நிறைய வந்து நின்றன. ‘தாலாட்டு’ என்று இட்டேன். அதற்கும் ஒரு கூட்டம் வந்தது. ‘பாட்டி’ என்றேன், ‘தொட்டில்’ என்றேன். எதைக் கேட்டாலும் ஏதாவதொன்று இருந்தது. இத்தனைக்கும் நடுவே நான் தேடியதும் இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நான்கு மாலைப் பொழுதுகள் தேடினேன். ஐந்தாம் நாள் மகள் ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள்.

என் தாயாரும் ‘இல்லை’ என்ற சொல்லை வீட்டில் சொல்லமாட்டாள். அரிசி தீர்ந்துவிட்டால், ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பாள்; குங்குமம் தீர்ந்துவிட்டால், ‘குங்குமம் நிறைஞ்சிருக்கு’ என்பாள். அதைக் கேட்டவுடன் என் தகப்பனார் மறுபேச்சில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவார். சொல் மங்களகரமானது, அதன் பொருளில் மயக்கமில்லை. தங்கள் மென்பொருளும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. அதுவும் என்னைக் கடைக்குத்தான் அனுப்புகிறது. ஆனால் வீட்டில் எது தீர்ந்தது என்பதைச் சொல்லாமலே அனுப்புகிறது.

மகள் போன பிறகு, தங்கள் மென்பொருளை மூடிவிட்டு, வட்டைத் திறந்து, கோப்பு கோப்பாகப் பார்த்தேன். ‘வீட்டு விசேஷம் ஏழு’ என்று நானே பெயரிட்டிருந்த ஒன்றில் அது இருந்தது. உறவினர் வந்தார்கள்; தொட்டிலுக்குப் பூச்சரம் கட்டினார்கள்; என் தாயார் வந்து மணையில் அமர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் திரையில் புள்ளி மழை பெய்து, தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கிவிட்டது. மறு வருஷம் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, வேறு நாடா கைக்கு அகப்படாத அவசரத்தில், அதையே எடுத்து டெக்கில் போட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தியவன் நான்தான். அதைக் கணினிக்கு மாற்றிய மத்தியானம் நாற்காலியில் உறங்கிவிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே, பெரியோர்களே, தங்கள் காரியத்தை நான் வெளியே நின்று கண்டிக்கவில்லை. பெற்ற தாயின் குரல்மேல் சினிமாப் பாட்டைப் பதித்தவன் என்ற முறையில் அந்தக் காரியத்தின் சுபாவம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு வெள்ளிக்கிழமை கவனமில்லாமல் செய்ததைத் தாங்கள் தினந்தோறும் கவனத்தோடு செய்கிறீர்கள், வித்தியாசம் அவ்வளவே.

என் பிரார்த்தனையும் அதனால் சிறியதுதான். விளம்பரங்களை அடியோடு நிறுத்துங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் தேடுகிறவனுக்கு வீட்டுக்குள் இருப்பதை மட்டும் காட்டுங்கள். அவன் தேடியது அங்கே இல்லையானால், திரையை வெறுமையாக விட்டு, நடுவில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள். ‘இல்லை’ என்று எழுதுவது அமங்களமாகத் தோன்றினால் ‘நிறைந்திருக்கிறது’ என்றே எழுதலாம். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் ஆயுள் சந்தாதாரன்